வேலூர் வெயிலில் மஜ்ஜை சிப்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

மரமில்லா மலை, நீரில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பட்டியல் ஒன்று உண்டு. உடம்பில்லாத உறுப்பு என்று இன்னொன்றையும் இப்போது அதில் சேர்த்துக்கொள்ளலாம். பென் டிரைவ் அளவுள்ள ஒரு ரப்பர் துண்டுக்குள் மனித எலும்பு மஜ்ஜை நாலு வாரம் உயிரோடிருந்து ரத்த அணுக்களைத் தயாரிக்கிறது. ஆழ்விண்வெளிக்குப் போகிறவர்களின் உடம்பு என்ன பாடுபடும் என்று பார்க்க நாசா பிடித்திருப்பது இதைத்தான். நிலவைச் சுற்றும் ஆர்ட்டெமிஸ் 2 பயணத்துக்காக, நாலு விண்வெளி வீரர்களும் தானம் செய்த ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து அவரவர் மஜ்ஜையை சிப்பில் வளர்க்கும் திட்டத்தை 2025இல் அறிவித்தார்கள். பெயர் அவதார். நமக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை.

அந்தத் திட்டத்துக்கான சிப் எமுலேட் நிறுவனத்துடையது. அதன் சிப்-எஸ்1, அதைப் பொருத்தி மீடியம் (செல்லுக்கான உணவுத் திரவம்) ஊற்றும் பாட் என்ற டப்பா, அந்த மீடியத்தை ஓட்டும் ஜோயி என்ற கருவி ஆகிய மூன்றையும் பற்றியது இந்த மதிப்புரை. அதுவும் விண்வெளிக் கேள்விகளுக்கு, வேலூர் மாதிரி ஊரில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு. கல்லீரல் நச்சுத்தன்மை பார்க்கிறவர்களின் கணக்கு வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கதிர்வீச்சு மஜ்ஜையை என்ன செய்கிறது, புரத மருந்து கொடுத்தால் அது மீள்கிறதா என்பது உங்கள் கேள்வி என்றால் தாராளமாக வாங்கலாம். வீரர்களுக்கு மாத்திரையாகக் கொடுக்கப்போகும் மருந்தின் அளவை முடிவு செய்ய என்றால் வேண்டாம். எடையின்மை மட்டும்தான் கேள்வி என்றால் இவ்வளவு செலவே வேண்டாம். எடையின்மையைப் போலச் செய்யச் செல்லைச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு கிளைனோஸ்டாட்டும் காற்று இல்லாமல் நிரப்பி மூடிய சின்ன ஃபிளாஸ்கும் போதும்.

மஜ்ஜையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? உடம்பில் கதிர்வீச்சுக்கு முதலில் பணிகிற இடங்களில் அது ஒன்று. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போன வழியில் அதிலிருந்த கருவி அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லி சீவர்ட். போக ஆறு மாதம், வர ஆறு மாதம் என்று 360 நாள் வைத்தால் 648. ஒருவர் பணிக்காலம் முழுவதற்கும் நாசா வைத்திருக்கும் வரம்பே 600 தான். செவ்வாயில் கால் வைத்து நிற்கும் நாட்களை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. பூமியில் இதற்கு ஈடாக எலியை வைத்துச் சோதித்தால் எலியின் பதில் வரும். சிப்பில் வைத்தால் மனிதரின் பதில் வரும். அவதாரில் செய்வது போலச் செய்தால் அந்தக் குறிப்பிட்ட மனிதரின் பதிலே வரும்.

பெட்டியைத் திறந்தால் சிப் ஒவ்வொன்றும் தன் தாங்கியில் வரும். பொருள் பிடிஎம்எஸ் என்ற ஒளிபுகும் சிலிக்கோன் ரப்பர். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கால்வாய். மேலுள்ளது 1 மி.மீ. அகலம், 1 மி.மீ. உயரம், கொள்ளளவு 28 மைக்ரோலிட்டர். கீழுள்ளதன் அகலம் அதே, உயரம் 0.2 மி.மீ.தான்; 6 மைக்ரோலிட்டருக்கும் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். நடுவில் 50 மைக்ரான் தடிப்புள்ள சவ்வு, அதில் 7 மைக்ரான் துளைகள். மஜ்ஜைக்கு மேல் கால்வாய், ரத்த நாளத்துக்குக் கீழ் கால்வாய். இரு பக்கமும் உள்ள வெற்றிடக் கால்வாய்கள் நுரையீரல், குடல் போல இழுபடும் உறுப்புகளுக்கானவை. மஜ்ஜைக்கு அவை தேவையில்லை. அவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

ஒரு சிப் ஒரு முறைக்குத்தான். கழுவி மறுபடி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரப்பர் உறிஞ்சி வைத்திருப்பதை எந்தக் கழுவலும் எடுக்காது.

பிடிஎம்எஸ் தண்ணீரை ஒதுக்கும் பொருள். அப்படியே செல்லை விட்டால் ஒட்டாது. அதற்குத்தான் இஆர்-1 என்ற பொடியும் இஆர்-2 என்ற கரைசலும் கூடவே வருகின்றன. 5 மி.கி. பொடிக்கு 10 மி.லி. கரைசல். பொடி வெளிச்சத்தில் கெடும் என்பதால் ஹூட் (கிருமி புகாத வேலைப்பெட்டி) விளக்கை அணைத்துவிட்டுக் கலக்க வேண்டும். கால்வாயில் நிரப்பி புறஊதா விளக்கின் கீழ் 10 நிமிடம், கழுவி, புதிதாக நிரப்பி இன்னொரு 5 நிமிடம். இந்தக் கட்டத்தில் கால்வாயில் ஒரு குமிழி நின்றிருந்தால் அந்த இடம் மட்டும் பதப்படாமல் போகும். அன்றைக்குத் தெரியாது. பத்தாம் நாள் அந்த இடத்தில் மட்டும் ஜெல் சுவரிலிருந்து உரிந்து நிற்கும். செல்லையும் அதைத் தானம் கொடுத்தவரின் உடல்நிலையையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மைக்ரோஸ்கோப்பில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு விளக்கின் கீழ் வையுங்கள், போதும்.

மஜ்ஜை செல்களை மேல் கால்வாயில், ரத்தம் உறையும்போது உருவாகும் புரதமான ஃபைப்ரினின் ஜெல்லில் வைப்பது வழக்கம். 2020இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தார் வெளியிட்ட மஜ்ஜை சிப் இப்படித்தான்: ரத்த அணுக்களைத் தரும் சிடி34 ஸ்டெம் செல்லும் மஜ்ஜைக்குத் தாங்கலான ஸ்ட்ரோமா செல்லும் ஜெல்லுக்குள், கீழே நாளச் சுவர் செல்கள். கதிர்வீச்சும் சில புற்றுநோய் மருந்துகளும் நோயாளிகளின் மஜ்ஜையில் செய்யும் சேதத்தை அது அப்படியே காட்டியது. ஜெல்லுக்கு ஃபைப்ரினோஜனை மி.லி.க்கு 5 மி.கி. வாக்கில் வைத்து, கடைசியில் அதை உறையவைக்கும் திராம்பின் சேர்க்க வேண்டும். சேர்த்த நொடியிலிருந்து ஓட்டப்பந்தயம்தான். ஒரே கலவையில் ஆறு சிப் நிரப்பப் பார்த்தால் நாலாவதிலேயே பைப்பெட் டிப்புக்குள் தயிர் மாதிரி உறைந்துவிடும். இரண்டு சிப்புக்கு ஒரு கலவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபைப்ரினோஜன் ஐஸில் இருக்கட்டும், டிப்பையும் குளிர வைத்திருங்கள். ஸ்ட்ரோமா செல் அதிகமானால் அவை ஜெல்லைப் பிடித்து இழுத்துச் சுருக்கிவிடும். மீடியத்தில் இந்தக் கரைப்பைத் தடுக்கும் அப்ரோட்டினின் சேர்க்காவிட்டால் செல்களே ஜெல்லைக் கரைத்துத் தின்றுவிடும். மூன்றாவது வாரம் கால்வாயில் மிதப்பது மஜ்ஜையா கஞ்சியா என்று தெரியாது.

நாளச் செல்களை மறுநாள் விடலாம். மி.லி.க்கு 50 லட்சம் வாக்கில் எடுத்து 20 மைக்ரோலிட்டர் கீழ் கால்வாயில் செலுத்தி, சிப்பைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் இன்குபேட்டரில் வைத்தால் சவ்வின் அடிப்பக்கம் பிடித்துக்கொள்ளும். பிறகு நிமிர்த்தி இன்னொரு தடவை விட்டால் தரைப்பக்கமும் மூடும். இது சுலபமான கட்டம்.

சுலபமில்லாதது குமிழி. இந்தக் கருவியை வாங்கியவர்களில் பல பேர் சோர்ந்துபோவது செல்லால் அல்ல, காற்றால். குளிர்ந்த மீடியத்தில் காற்று அதிகம் கரைந்திருக்கும். அது 37 டிகிரியில் இருக்கும் சிப்புக்குள் போனதும், அடுப்பில் வைத்த தண்ணீரில் கொதிக்கும் முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் முத்து முத்தாக ஒட்டுமே, அதே கதைதான். 0.2 மி.மீ. கால்வாயில் ஒரு முத்து போதும், ஓட்டம் நின்றுவிடும். அதன் பின்பக்கம் உள்ள செல்கள் பட்டினியில் சாகும். குமிழி நகர்ந்தாலோ, போகிற வழியிலுள்ள செல்களைச் சுரண்டிக்கொண்டு போகும்.

அதனால் மீடியத்தை 37 டிகிரி வாட்டர் பாத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு வெற்றிட ஃபில்டர் குழாயில் மாட்டி 10 முதல் 15 நிமிடம் உறிஞ்சவிடுங்கள். எடுத்ததும் ஆறவிடாமல் பாட் டப்பாவில் ஊற்றுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் ஹூட்டில் கால் மணி நேரம் வைத்துவிட்டு ஊற்றினால் முதல் இரண்டு வேலையும் வீண். பாட் டப்பாவை ஜோயியில் வைத்து, வழிகளை மீடியத்தால் நிரப்பும் பிரைம் சுற்றை ஒரு நிமிடம் ஓட்டியதும் வெளியே எடுத்து அடியைத் திருப்பிப் பாருங்கள். நாலு துளையிலும் கடுகளவு துளி நிற்க வேண்டும். மூன்றில் நின்று ஒன்றில் இல்லையென்றால் மறுபடி பிரைம். சிப்பின் வாய்களிலும் இதே போல் ஒரு துளி மீடியம் வைத்து, துளியும் துளியும் முத்தமிடுகிற மாதிரி சேர்த்துத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஜோயியின் ரெகுலேட் சுற்று இரண்டு மணி நேரம். அழுத்தம் ஏற்றி மிச்சமிருக்கும் நுண்குமிழிகளைக் கரைக்கும். அதைத் தவிர்த்துவிட்டு நேரே ஓட்டத்துக்குப் போகிற அவசரக்காரர்கள் மறுநாள் காலை வருந்துவார்கள்.

ஓட்டம் வழக்கமாக மணிக்கு 30 மைக்ரோலிட்டர். ஒரு நாளைக்கு ஒரு கால்வாய்க்கு 720. பாட் டப்பாவில் 3 மி.லி. ஊற்றினால் நாலு நாளுக்குள் மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு ஜோயியில் 12 சிப். இரண்டு கால்வாயும் ஓடினால் நாளொன்றுக்கு 17 மி.லி.க்குக் கொஞ்சம் மேல், நாலு வாரத்துக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த மீடியத்தில் வளர்ச்சிக் காரணிகள் நாலைந்து இருக்கின்றன. சிப்பின் விலையைப் பேரம் பேசுகிறவர்கள் இந்த வரியைத்தான் மறக்கிறார்கள். ஓட்டம் என்றதும் ரத்த நாளம் மாதிரியே இருக்கிறது என்று விளம்பரத்தில் படிப்பீர்கள். இந்த வேகத்தில் சுவரை உரசும் விசை நாளத்தில் உள்ளதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. உணவு வரும், கழிவு போகும், அவ்வளவுதான்.

இனி வேலூர் சமாச்சாரம். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் சூடேற்றத்தான் தெரிந்தது, குளிர்விக்கத் தெரியாது. அறையின் வெப்பம் 37ஐவிடக் குறைந்தது 5 டிகிரி கீழே இருந்தால்தான் அது தன் அளவில் நிற்கும். கத்திரி வெயிலில் வெளியே 40ஐத் தாண்டும் ஊர் இது. கரண்ட் போய், ஜெனரேட்டர் லைனில் ஏசி இல்லாமல் இன்குபேட்டர் மட்டும் ஓடினால், இரண்டு மணி நேரத்தில் அறை 36ஐத் தொடும். ஜோயி மோட்டாரின் சூடு உள்ளே சேர, சிப் 39, 40 என்று ஏறும். கதிர்வீச்சால் செத்த செல்லும் வெயிலால் செத்த செல்லும் மரபணுவை வாசிக்கும் சீக்வென்சரில் ஒரே மாதிரி தெரிகிற இடங்கள் உண்டு. வெப்ப அதிர்ச்சி மரபணுக்கள் ஏறியிருந்தால் முதலில் கரண்ட் போன நேரங்களைப் பாருங்கள். வேலை முடியும் வரை ஏசியும் அதே பேக்கப் லைனில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் நாலு வாரச் சோதனையை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. இன்குபேட்டருக்குள் தனியாக வெப்பத்தைப் பதிவு செய்யும் ஒரு லாகர் போட்டு வையுங்கள். முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்.

வறண்ட காற்று இன்னொரு தொல்லை. பிடிஎம்எஸ் வழியே நீராவி வெளியேறும். ஈரத்தட்டில் தண்ணீர் வற்றினால் மீடியத்தின் உப்பு அடர்த்தி ஏறும். 6 மைக்ரோலிட்டர் கால்வாயில் அது சீக்கிரமே தெரியும். கோடையில் ஈரத்தட்டைத் தினமும் பாருங்கள்.

கதிர்வீச்சு கொடுப்பதுதான் சோதனையின் உயிர். இங்கே கைக்கெட்டும் வழி இரண்டு: புற்றுநோய்ச் சிகிச்சைக்கான லினாக் என்ற எக்ஸ்ரே கருவி, அல்லது ரத்த வங்கியின் காமா கருவி. லினாக் நல்லது, அளவைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் 6 மெகாவோல்ட் எக்ஸ்ரே தன் முழு அளவை மேற்பரப்பில் கொடுக்காது, 1.5 செ.மீ. ஆழத்தில்தான் கொடுக்கும். சிப்பை வெறும் மேஜையில் வைத்துக் கதிர் விட்டால், 2 கிரே (கதிர் அளவின் அலகு) என்று நோட்டில் எழுதியது மஜ்ஜைக்குப் போயிருக்காது. மேலே ஒன்றரை செ.மீ. அக்ரிலிக் அல்லது போலஸ் (சதைக்கு ஈடான ஜெல் பலகை), கீழே சில செ.மீ. அடுக்கு, நடுவில் இடைவெளி இல்லாமல் சிப். பாட் டப்பாவோடு சேர்த்து வைக்காதீர்கள். அதன் காற்றுப் பொந்துகள் அளவைக் குழப்பும். பிரிவில் உள்ள மருத்துவ இயற்பியலரிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசி, ஃபிலிம் வைத்து ஒரு தரம் அளந்துவிடுங்கள்.

சிப்பை ஜோயியிலிருந்து எடுத்து லினாக் வரை கொண்டுபோகும் நேரம் ஓட்டம் இல்லை, கார்பன் டை ஆக்சைடும் இல்லை. மீடியத்தின் சிவப்பு ஊதாவாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பி.எச். ஏறுகிறது. பயணத்துக்கு மட்டும் பி.எச்.சை நிலையாக வைக்கும் ஹெப்பிஸ் 25 மில்லிமோலார் சேர்த்த மீடியத்தை மாற்றிவிடுங்கள். வாய்களில் மீடியம் நிரப்பிய டிப்பைச் செருகி வைத்தால் ஆட்டோ ஸ்பீடு பிரேக்கரில் குதித்தாலும் காற்று நுழையாது. கதிர் வாங்காத சிப்களையும் அதே பெட்டியில், அதே ஆட்டோவில், லினாக் அறை வாசல் வரை கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். லேபிலேயே வசதியாக உட்கார்ந்திருந்த சிப்போடு ஒப்பிட்டால், நீங்கள் அளந்தது கதிர்வீச்சை அல்ல, பாகாயம் ரோட்டை.

இதை வைத்து ஆழ்விண்வெளி என்று சொல்லலாமா? அரைகுறையாகத்தான். லினாக் 2 கிரேவை ஒரு நிமிடத்துக்குள் கொட்டும். விண்வெளியில் அது மாதக்கணக்கில் சொட்டும். கொட்டுவதற்கும் சொட்டுவதற்கும் செல் ஒரே மாதிரி பதில் சொல்லாது. தவிர, அங்கே வருவது எக்ஸ்ரே அல்ல. பெரும்பகுதி புரோட்டான், கொஞ்சம் ஹீலியம், நூற்றில் ஒன்று போல இரும்பு வரையிலான கனமான அணுக்கருக்கள். அந்த நூற்றில் ஒன்றுதான் செல்லுக்குள் குண்டூசி ஏற்றிய மாதிரி கோடு கிழிக்கிறது. அதைப் பூமியில் செய்துபார்க்க அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 2003 முதல் நாசாவின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இங்கே அதற்கு ஈடான கற்றை கிடையாது. டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையமான ஐயுஏசியின் கனமான அயனிகள் சிப்பின் ரப்பர் சுவரிலேயே நின்றுபோகும். எனவே 1, 2, 4 கிரே என்று படிப்படியாகக் கொடுத்து, யாருடைய மஜ்ஜை எவ்வளவு தாங்குகிறது என்று ஒப்பிடுங்கள். அந்தக் கேள்விக்கு லினாக் போதும்.

மருந்துக்கு வருவோம். கதிர்வீச்சில் அடிபட்ட மஜ்ஜையை எழுப்ப ஃபில்கிராஸ்டிம், அதாவது ஜி-சிஎஸ்எஃப், 2015 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்து. அது புரதம், ரப்பருக்குள் ஊறிப்போகாது. இந்த சிப்புக்குப் பொருத்தமான சோதனை. ஒரு கண்ணி மட்டும் உண்டு: மஜ்ஜை மீடியத்தின் வழக்கமான சமையல் குறிப்பிலேயே ஜி-சிஎஸ்எஃப் இருக்கிறது. அதை எடுத்துவிட்ட மீடியத்தில் ஓட்டாவிட்டால், ஏற்கெனவே இனிப்பான பாயசத்தில் சர்க்கரை போட்டு ருசி பார்த்த கதை ஆகும்.

கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு மருந்துகள் இதற்கு நேர் எதிர். பிடிஎம்எஸ் அவற்றைப் பஞ்சு மாதிரி இழுத்துக்கொள்ளும். உள்ளே 10 மைக்ரோமோலார் அனுப்பினாலும் செல்லுக்கு 2 தான் கிடைத்ததா, 8 கிடைத்ததா தெரியாது. பிறகு மருந்தை நிறுத்தினால் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கசியவிடும். செல் இல்லாத வெறும் சிப்பில் மருந்தை மூன்று நாள் ஓட்டி, 24, 48, 72 மணிக்கு வெளிவருவதை மாஸ் ஸ்பெக்கில் அளந்து, உள்ளே போனதோடு ஒப்பிட்டுவிட்டே மேலே போக வேண்டும். இது இந்த நிறுவனத்தின் குறை அல்ல, அந்த ரப்பரின் குணம். அதே ரப்பர் ஆக்சிஜனையும் தாராளமாக உள்ளே விடுகிறது. மஜ்ஜை இயல்பாக இருப்பது ஆக்சிஜன் குறைந்த இடத்தில். ஆய்வுக் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டால் ரிவ்யூவர் சொல்வார்.

எடையின்மை பற்றி ஒரே பத்தி. ஜோயியோடு இணைந்த சிப்பைக் கிளைனோஸ்டாட்டில் சுற்ற முடியாது. சிப்பை மட்டும் நிரப்பி அடைத்துச் சுற்றலாம். ஓட்டம் இருக்காது, ஒரு நாளைக்கு மேல் தாங்காது. எடையின்மையில் திரவம் தலைக்கு ஏறுவதால் வரும் கண் கோளாறையெல்லாம் எந்த சிப்பும் காட்டாது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோன பெங்களூரு ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெம்மின் தசை ஸ்டெம் செல் சோதனை இந்த வகையில் கவனிக்கத்தக்கது. அதற்கு இந்த சிப் தேவைப்படவில்லை. வேலூர் பாகாயத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் அந்த இன்ஸ்டெம்மின் பிரிவுதான் என்பது நம் ஊர்க்காரர்களுக்கே பல பேருக்குத் தெரியாது.

நாமே சிப் வார்க்கலாமே என்ற கேள்வி எழும். வார்க்கலாம். ரப்பர் திரவம் பத்துக்கு இறுக்கி ஒன்று, வெற்றிடத்தில் அரை மணி காற்று நீக்கி, 65 டிகிரியில் நாலு மணி நேரம். பிளாஸ்மாவில் காட்டி ஒட்டினால் சிப் தயார். சிக்கல் சவ்வு, 7 மைக்ரான் துளையோடு சீராக வார்ப்பது எளிதல்ல. கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் சவ்வை நடுவில் வைத்தால் ஓரத்தில் கசியும். எம்டெக் புராஜெக்ட்டுக்கு நல்ல வேலை. 12 சிப்பும் ஒரே மாதிரி வேண்டும் என்றால் விலை கொடுத்து வாங்குவதே மிச்சம்.

செல்லுக்கு அனுமதி வாங்கும் வேலையைக் கருவி வரும் முன்பே தொடங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிகள்படி நெறிமுறைக் குழு தனி, ஸ்டெம் செல் குழு தனி. மருத்துவமனையில் ஸ்டெம் செல் சேகரிப்பில் மிஞ்சுவதைப் பயன்படுத்துவது, உறைந்த செல்லை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைவிட மலிவு, புதிதாகவும் இருக்கும். நாலு வாரம் கழித்து ஒரு சிப்பிலிருந்து எடுக்கும் செல் குறைவு. ஒற்றைச் செல் ஆர்என்ஏ சீக்வென்சிங் என்றால் ஒரே நபரின் இரண்டு மூன்று சிப்பைச் சேர்க்கத் திட்டமிட்டு அதற்கேற்ப ஆர்டர் செய்யுங்கள். 12இல் இரண்டு குமிழிக்குப் பலி என்றும் கணக்கில் வையுங்கள்.

உலர்பனியில் வரும் பொருள்கள் சென்னையிலிருந்து மூன்று மணி நேரம்தான் என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பெட்டி வந்ததும் கையெழுத்துப் போடும் முன் திறந்து, உலர்பனி கட்டியாக மிச்சமிருக்கிறதா பாருங்கள். வெறும் குளிர்ந்த தெர்மாகோல் என்றால் திருப்பி அனுப்புங்கள். திங்கள் அல்லது செவ்வாய் வந்து சேரும்படி கேளுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; அது சனி, ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கூரியர் குடோனில் வெயில் காயும்.